கால் பங்கு வெளிச்சம்

பாகாவ் கடைத்தெரு.
கைப்பேசி உறைகளுக்குப் பின்னால்
கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு ஃபிளாஷ்.
ஒன்று அறுநூற்று இருபது வெள்ளி,
என் பத்து நாள் சம்பளம்.
இன்னொன்று நூற்று எழுபது.
பெயரை உச்சரிக்கக்கூட வரவில்லை.

"பெருசு எல்லாம் தானே பாக்கும், தங்காச்சி"
என்கிறார் கோ.
"சின்னதுக்கு நீதான் பாக்கணும்."

போன ஆவணியில்
பரமேஸ் அக்கா மூத்த மகள் கல்யாணம்.
காமிராவின் நெற்றியில் முளைத்திருக்கும்
குட்டி விளக்கை நம்பிப் போனேன்.
லோக்கப்பில் எடுத்த மாதிரி
வந்திருந்தார்கள் எல்லாரும்.
வேட்டி வெள்ளைத் தாளாக,
மாப்பிள்ளையின் வேர்வை மட்டும் துலக்கமாக.
யோகவாணி முகத்தைத்
தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.
தாலி ஏறும்போது
விளக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.
அடுத்த படத்தில்
எல்லாரும் அட்சதை போட்டு முடித்துக்
கையைத் தட்டிவிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை.
"வீடியோ இருக்கு, பரவால்ல" என்றாள்.
அந்தப் பரவால்ல
பதினோரு மாதமாக
என் காமிரா பையில் கிடக்கிறது.
இளையவளுக்கு வரும் ஞாயிறு.

கோ பெரியதன் தலையைத் திருப்பிக் காட்டுகிறார்.
மேலே, பக்கத்தில், முதுகுப் பக்கம்,
ஆந்தைதான்.
சீலிங்கில் அடித்தால்
மாவு சலித்தது போல விழுமாம் வெளிச்சம்.
இவர் கடைக்குச் சரி.
தோட்டத்து மண்டபத்துக்குச் சீலிங் ஏது?
உயரத்தில் தகரம், அதுவும் பச்சை.
அங்கே அடித்தால்
மணப்பெண் பாசி பிடித்து நிற்பாள்.
பக்கத்துச் சுவர் மட்டும் வெள்ளை,
போன தேர்தலுக்கு முன்னால் அடித்த சாயம்.
சின்னதும் திரும்புமா?
திரும்பியது, கொஞ்சம் முனகலோடு.

"மறுபடி தயாராக எத்தனை நொடி?"
பெரியதுக்கு இரண்டு.
சின்னதுக்கு ஐந்து.
ஐந்து நொடியில்
மூன்று முடிச்சும் விழுந்துவிடும்.

சின்னதன் அட்டையில் ஓர் எண்:
முப்பத்தாறு.
அதைத் தூரத்தால் வகுத்தால் லென்ஸின் துவாரம்.
நாலரை மீட்டரா, எட்டு.
சுவருக்குப் போய் வரும் தூரத்தைக் கூட்டு,
சுவர் குடித்துவிடுவதைக் கழி.
எனக்கென்ன, புதிதா?
ஆலை எடைமேடையில் எட்டு வருஷம்.
பழத்தோடு லாரி, வெறும் லாரி,
கழித்தால் செம்பனை.
அதிலும் காய், மண், தண்ணீர் என்று
இன்னொரு கழிவு.
கருவி காட்டுவதை எழுதிக்கொண்டு,
டிரைவர் சொல்வதையும் கேட்டுக்கொண்டு,
இரண்டையும் முழுசாக நம்பாத உத்தியோகம்.

காமிராவின் உணர்திறனை
நாலு மடங்கு ஏற்றிப் பார்த்தேன்.
விளக்கின் பலத்தைக்
கால் பங்காக இறக்கினேன்.
அதே முப்பத்தாறு!
ஐந்து நொடி மட்டும்
ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே என்று ஆகிவிட்டது.
கோவிடம் சொல்லவில்லை.
சொன்னால் விலை ஏறும்.

நூற்று அறுபதுக்கு முடித்தேன்.
நாலு பேட்டரிக்குத் தனிக்காசு வாங்கிவிட்டார்,
மனுஷன்.

இரவு ஷிப்ட்.
எடை அறையின் வெளிச்சுவரில்
திருப்பி ஒன்று அடித்தேன்.
மேடையில் நின்ற லாரியிலிருந்து
பாக் ஹாஷிம் தலையை நீட்டினார்.
"சம்மனா?"
"கல்யாணம்."
"யாருக்கு?"
நான் வாயைத் திறப்பதற்குள்
ஆரஞ்சுப் புள்ளி எரிந்துவிட்டது.
இன்னொன்று எடுத்தேன்.

திரையில்
பல் போன இடத்தோடு சேர்த்து
அவர் சிரிப்பு முழுசாக இருந்தது.
அவருக்குப் பின்னால் குலைகள்,
கறுப்பிலிருந்து சிவப்புக்கும்
சிவப்பிலிருந்து மஞ்சளுக்கும் போகிற
ஒவ்வொரு பழமும் தனித்தனியாக.
பதினெட்டு டன் நானூறு
என்று அப்போதுதான் எழுதியிருந்தேன்.

பின்னால் ஹாரன்.
அடுத்த லாரி.